ட்ராலி வந்த கதை

பொங்கலுக்குப் புனேயிலிருந்தோ மும்பையிலிருந்தோ காரில் ஊருக்குக் கிளம்புகிற நம்மவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரா தாண்டி, கராட், கோலாப்பூர் என்று இறங்க இறங்க, இருட்டில் முன்னால் ஒரு கரும்பு மலை மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். பின்பக்கம் விளக்கு இருக்காது. கரும்புத் தோகை மட்டும் நம் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஆடும். ஹாரன் அடித்தால் பயனில்லை, டிரைவர் சீட்டுப் பக்கத்தில் கட்டிய ஸ்பீக்கரில் மராத்திப் பாட்டு அலறிக்கொண்டிருக்கும். ஒருவழியாக வலது பக்கம் ஒதுங்கித் தாண்டலாம் என்று போனால், ஒரு மலை முடிந்ததும் இன்னொரு மலை வரும். அதற்கும் முன்னால்தான் டிராக்டர்.

நம்மூரில் இதை டிரெய்லர் என்போம். இங்கே ட்ராலி. பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் அதே பெயர்தான்.

அடியேன் இந்தக் கரும்புச் சீமையில் வங்கி வேலை பார்ப்பவன். படித்தது பி.காம். இஞ்சினைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. ஆனால் டிராக்டர் கடன், ட்ராலிக் கடன், தவணை, இன்சூரன்ஸ், ஆர்.சி. புத்தகம் என்று காகிதத்தின் வழியாக இந்த வண்டியோடு பழகிவிட்டேன். கடன் கொடுத்த வண்டியைப் போய்ப் பார்த்து வருவதும் என் வேலையில் சேர்த்தி. அப்படிப் பார்த்ததிலும் படித்ததிலும் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. ட்ராலி விபத்து நடக்கும்போதெல்லாம் "டிரைவரின் அலட்சியம்" என்று பேப்பரில் போட்டு முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கதை. வயலில் நடப்பதற்காகச் செய்த இயந்திரத்தை நெடுஞ்சாலைக்கு இழுத்து வந்தது கடன் கணக்கும் கரும்புக் கணக்கும். இயந்திரம் சாலைக்கு வந்துவிட்டது, அதன் பிரேக் மட்டும் இன்னும் வயலிலேயே நிற்கிறது. இது எப்படி நடந்தது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

இந்தியச் சாலையில் இயந்திரத்தின் பின்னால் பெட்டி கட்டி இழுத்தது டிராக்டருக்கும் மிக முந்தைய சமாச்சாரம். 1870-களில் பஞ்சாபில், ராவல்பிண்டி பக்கம், கிராண்ட் டிரங்க் ரோட்டில் நீராவி இஞ்சினைத் தண்டவாளம் இல்லாமல் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர் தாம்சன் வடிவமைத்த, கெட்டி ரப்பர் டயர் போட்ட இஞ்சின். அதற்குப் பின்னால் வண்டிகள். அரசாங்க நீராவி ரயில் என்றே பெயர். இதை நடத்தியவர் கிராம்ப்டன் என்ற இளம் ராணுவ அதிகாரி. ஆமாம், நம் வீட்டு மின்விசிறியில் எழுதியிருக்கிற அதே கிராம்ப்டன்தான். பிற்பாடு இங்கிலாந்து திரும்பி மின்சாரத் தொழிலில் இறங்கிப் பெரிய ஆளானார். இஞ்சின்களுக்கு செனாப், ராவி என்று பஞ்சாப் நதிகளின் பெயரை வைத்திருந்தார்கள். ரயில் பாதை வளர வளர இந்தச் சோதனைக்கு வேலையில்லாமல் போய்விட்டது. இருந்தாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அது சாலைக்கென்றே யோசித்துச் செய்த இழுவை வண்டி. ஓட்டியவர்களும் அதற்கென்று பழகியவர்கள். அடுத்த நூற்றாண்டில் நம் சாலைக்கு வந்த டிராக்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

டிராக்டர் பிறந்த கதையை ஒரு சின்னச் சுற்று சுற்றிவிட்டு வருவோம், ட்ராலியைப் புரிந்துகொள்ள அது வேண்டும். ஹென்றி ஃபோர்டு 1917-ல் ஃபோர்ட்சன் என்ற மலிவு விலை டிராக்டரைக் கொண்டுவந்தார். லட்சக்கணக்கில் விற்றது. அதற்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால் பின்சக்கரம் சுற்ற முடியாது. ஆனால் இஞ்சின் நிற்காமல் சுற்றப் பார்க்கும். விளைவு, சக்கரத்துக்குப் பதில் டிராக்டரே பின் அச்சைச் சுற்றி மேலே எழும்பும். முன்பக்கம் தூக்கி, அப்படியே மல்லாக்க விழுந்து ஓட்டுபவரை நசுக்கும். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் இதற்கு மாற்றாகத்தான் மூன்று புள்ளி இணைப்பு என்கிற ஏற்பாட்டை உருவாக்கினார். 1938-ல் ஃபோர்டும் அவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள், 1939-ல் புது டிராக்டர் வந்தது. இன்று நம் வயல்களில் ஓடும் அத்தனை டிராக்டரிலும் பின்னால் இருக்கும் அந்த மூன்று கைகள் ஃபெர்குசன் கொடுத்தவை.

அதே ஃபெர்குசன் டிரெய்லரும் செய்தார். இரண்டு சக்கர டிரெய்லர், ஆனால் சக்கரத்தை நடுவில் வைக்காமல் நன்றாகப் பின்னால் தள்ளி வைத்தார். பாரத்தில் ஒரு பங்கு டிராக்டரின் பின்சக்கரத்தின்மேல் உட்கார வேண்டும், அப்போதுதான் சக்கரம் தரையைக் கவ்வும் என்பது அவர் கணக்கு. அந்தப் பாரத்தைத் தாங்கும் கொக்கியையும் பின் அச்சுக்குக் கீழே, தாழ்வாக வைத்தார். மேலே வைத்தால் பழைய ஃபோர்ட்சன் கதைதான். அதாவது எதை எங்கே மாட்ட வேண்டும், பாரம் எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் எண்பது வருடத்துக்கு முன்பே யோசித்து முடிக்கப்பட்ட விஷயங்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் இங்கே விட்டுப்போன கனரக டிராக்டர்களை வைத்து மத்திய டிராக்டர் நிறுவனம் என்ற அரசு அமைப்பு, களை மண்டிக் கிடந்த நிலங்களைச் சீர்திருத்தும் வேலையைத் தொடங்கியது. அது அரசாங்க வேலை. தனி விவசாயிக்கு டிராக்டர் என்பது அப்போது பெருங்கனவு. 1959-ல் ஃபரீதாபாதில் ஐஷர் டிராக்டர் வெளிவந்தது. 1960-ல் நம் சென்னை செம்பியத்தில் டாஃபே தொடங்கியது, மாஸி ஃபெர்குசன் கூட்டோடு. அந்தப் பெயரின் பின்பாதி மேலே சொன்ன ஹாரி ஃபெர்குசன்தான். 1963-ல் மகிந்திரா வந்தது. 1974-ல் பஞ்சாபில் ஸ்வராஜ். 1961-62-ல் நாடு முழுக்க உற்பத்தியான டிராக்டர் 880. இன்று உலகிலேயே அதிக டிராக்டர் விற்கும் நாடு நம்முடையது. வருடத்துக்கு எட்டு, ஒன்பது லட்சம் விற்கிறது.

இந்த 880-க்கும் லட்சங்களுக்கும் நடுவில் நிற்பது எங்கள் ஆட்கள்தான்! 1969 ஜூலையில் 14 வங்கிகள் தேசியமயமாயின. கிராமத்துக்குப் போ, விவசாயத்துக்குக் கொடு என்று உத்தரவு. பசுமைப் புரட்சி பஞ்சாபில் சூடு பிடித்திருந்த நேரம். 1970-ல் பஞ்சாப் விவசாயக் கடன் திட்டத்துக்கு உலக வங்கிக் குழுமத்தின் பணமும் வந்தது, அதில் டிராக்டர் முக்கியப் பங்கு. 1982-ல் நபார்டு வந்து மறுநிதி வழி இன்னும் அகலமானது.

இப்போது கொஞ்சம் கணக்கு. காமர்ஸ்காரனுக்கு இது ஒன்றுதான் சரளமாக வரும். டிராக்டர் கடன் கொடுக்கும்போது, அந்த வண்டி வருடத்துக்கு இத்தனை மணி நேரம் ஓடினால்தான் தவணை கட்ட முடியும் என்று பார்ப்போம். நபார்டு வழிகாட்டலில் 1,000 மணி நேரம் என்ற எண் நெடுங்காலம் புழங்கியது. சரி, பத்து ஏக்கர் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் இரண்டு போகம். ஒவ்வொரு போகத்துக்கும் நாலு முறை ஓட்டினாலும், ஏக்கருக்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று போட்டாலும், 80 முதல் 120 மணி நேரம். பக்கத்து வயல்காரர்களுக்கு வாடகைக்கு ஓட்டினால் இன்னும் முன்னூறு, நானூறு மணி நேரம் சேர்க்கலாம். மீதி?

மீதிக்குத்தான் ட்ராலி. செங்கல், மணல், எரு, கரும்பு, நெல் மூட்டை, கல்யாண வீட்டுச் சாமான். வயல் வேலைக்குப் பருவம் உண்டு, பாரம் இழுக்கப் பருவமில்லை. 1978-ல் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளாதார அறிஞர் தெற்காசிய டிராக்டர்களைப் பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஒரு நூல் எழுதினார். டிராக்டர் வந்ததால் விளைச்சல் பெரிதாகக் கூடியது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை என்பது அதன் சாரம். அப்படியென்றால் விவசாயி முட்டாளா? இல்லவே இல்லை. வயலில் வராத பலன் சாலையில் வரும் என்று கண்டுகொண்டார். கடன் படிவத்தில் "விவசாயக் கருவி" என்று எழுதியதை அவர் பாதி லாரியாகவே வாங்கினார். வங்கிக்கும் இது தெரியும், அதனால்தான் டிராக்டரோடு கலப்பை, கல்டிவேட்டர், ட்ராலி எல்லாம் சேர்த்து ஒரே கடனாகக் கொடுப்பது வழக்கமாயிற்று.

இங்கேதான் கதையில் ஒரு வளைவு. டிராக்டர் பெரிய தொழிற்சாலையில் உருவாகிறது. சோதனை, சான்றிதழ் எல்லாம் உண்டு. ட்ராலி? தாலுகா டவுனில் வெல்டிங் பட்டறையில். ஆங்கிள், சேனல், தகடு, பழைய லாரியிலிருந்து கழற்றிய அச்சு, ரீட்ரெட் செய்த டயர். பட்டறைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். வாடிக்கையாளர் எதைக் கேட்கிறாரோ அதைச் செய்கிறார்கள். நீளம் கேட்பார், அகலம் கேட்பார், பக்கவாட்டுப் பலகை உயரம் கேட்பார், பெயின்ட்டில் சாமி பெயரும் பிள்ளைகள் பெயரும் கேட்பார். பிரேக் கேட்க மாட்டார். ஏனென்றால் அவருடைய அப்பா ஓட்டிய மாட்டு வண்டியிலும் பிரேக் என்று தனியாகப் பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்த மாட்டு வண்டியின் தம்பிதான் இது. ஆனால் மாடு மணிக்கு நாலு கிலோமீட்டர் போகும், டிராக்டர் இருபத்தைந்து, முப்பது போகும்.

பஞ்சாபில் ட்ராலி வீட்டில் ஒரு அறை மாதிரி. 2020 நவம்பரிலிருந்து 2021 டிசம்பர் வரை டெல்லி எல்லையில் நடந்த விவசாயிகள் போராட்டத்தில் ட்ராலிக்குள்ளேயே மெத்தை விரித்து ஒரு குளிர்காலத்தைக் கழித்தார்கள். போராட்டத்தில் வெளிவந்த பத்திரிகைக்கே ட்ராலி டைம்ஸ் என்றுதான் பெயர். இங்கே மேற்கு மகாராஷ்டிராவில் ட்ராலி என்றால் கரும்புதான்.

பிரவரா நகரில் 1950-ல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஓடத் தொடங்கிய பிறகு, கிருஷ்ணா, பஞ்சகங்கா கரையெல்லாம் ஆலைகள் எழும்பின. கரும்புக்கு ஒரு குணம். வெட்டிய நிமிடத்திலிருந்து அதன் சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும். அதனால் பகல், இரவு பார்க்க முடியாது. பீட் மாவட்டத்திலிருந்து வெட்டும் ஆட்கள் குடும்பத்தோடு வருவார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தது ஒரு "கோய்தா". கோய்தா என்றால் அரிவாள். ஆட்களைத் திரட்டிக் கொண்டுவருபவர் முகாதம். அவர்களுக்கு முன்பணம் உண்டு, அதற்குப் பெயர் "உச்சல்". இந்த உச்சல் பணத்தை ஆலை நேராக ஆட்களுக்குக் கொடுக்காது. வெட்டிக் கொண்டுவரும் ஒப்பந்தத்தை டிராக்டர்காரரோடு போட்டு, அவர் கையில் கொடுக்கும். அவர் முகாதமிடம் கொடுப்பார். முகாதம் ஆட்களோடு வராமல் போய்விட்டால்? டிராக்டர்காரர் தலையில் துண்டு. இப்படிப் பணம் போய், ஆலைக்கும் பதில் சொல்லி, எங்களிடமும் வந்து நிற்கும் ஆட்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறோம்.

ஆக, ட்ராலியை இழுக்கிற அந்த மனிதரின் முதுகில் வங்கித் தவணை, ஆலை முன்பணம், டீசல் மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. கூலியோ டன் கணக்கில். எத்தனை டன், எத்தனை கிலோமீட்டர் என்று பெருக்கித்தான் பில். இந்த நிலைமையில் ஒரு ட்ராலிக்குப் பின்னால் இன்னொன்றை மாட்டாமல் யார் இருப்பார்கள்? பலகைக்கு மேல் இன்னும் நாலு அடி கரும்பு அடுக்காமல் யார் இருப்பார்கள்? கதை இப்படித்தான் நெடுஞ்சாலைக்கு வந்து சேர்ந்தது.

இனி பிரேக் விஷயம். 50 குதிரைத்திறன் டிராக்டரின் எடை சுமார் 2 டன். பின்னால் இரண்டு ட்ராலியில் கரும்பும் இரும்பும் சேர்த்து 16 டன் என்று வையுங்கள். பிரேக் இருப்பது டிராக்டரின் பின்சக்கரம் இரண்டில் மட்டும். மணிக்கு 30 கிலோமீட்டரில் தனியாகப் போகும் டிராக்டர் பிரேக் போட்டால் ஏழெட்டு மீட்டரில் நிற்கிறது என்று கொள்வோம். இப்போது அதே இரண்டு டயர்களின் பிடிப்பு 18 டன்னை நிறுத்த வேண்டும். ஒன்பது மடங்கு எடை, ஒன்பது மடங்கு தூரம். அறுபது, எழுபது மீட்டர். டிரைவர் சுதாரித்து மிதிப்பதற்குள் ஓடும் பத்து மீட்டரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இது சமதளத்தில், காய்ந்த ரோட்டில். இறக்கத்தில் என்ன என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் கடன் வாங்கி மூன்றாவது டிராக்டர் ஓட்டும் ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் காகா. முப்பது பருவம் கரும்பு இழுத்தும் ஒரு முறைகூடக் கவிழ்த்ததில்லை. அவர் சொன்னதை வைத்துத்தான் எனக்கு மேலே சொன்ன ஃபெர்குசன் சமாச்சாரமெல்லாம் புரிந்தது.

"சாஹேப், டிராக்டருக்கு பிரேக் மிதி இரண்டு" என்று ஆரம்பித்தார். இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. வயல் மூலையில் சட்டென்று திரும்ப ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் போதும். வயலுக்கு அது வரம். ரோட்டில் அவசரத்தில் கால் ஒரு மிதியில் மட்டும் விழுந்தால் டிராக்டர் அந்தப் பக்கம் சுழன்று கவிழும். அதனால் இரண்டு மிதியையும் சேர்த்துப் பூட்ட ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. ரோட்டில் ஏறுமுன் அதைப் போட வேண்டும். காகா வரப்பு தாண்டியதும் முதலில் குனிந்து அந்தத் தாழ்ப்பாளைப் போடுவார். பல வண்டிகளில் தாழ்ப்பாள் துருப்பிடித்து ஒரு மூலையில் தொங்குவதை நான் ஆய்வுக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இறக்கம். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது அவர் சட்டம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பையன்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ட்ராலியில் பிரேக் இல்லாத வண்டிக்கு இறக்கத்தில் இஞ்சின்தான் பாதி பிரேக். நியூட்ரலில் போட்டாலும் கிளட்ச்சை மிதித்தாலும் அது கைவிட்டுப் போகும். அப்போது 16 டன் பின்னாலிருந்து தள்ளும். வளைவு வந்தால், முன்னால் டிராக்டர் திரும்பும், பின்னால் ட்ராலி நேரே வரும். இரண்டும் கத்தி மடங்குவது மாதிரி மடங்கும். நடுவில் உட்கார்ந்திருப்பது டிரைவர்.

பாரம் ஏற்றுவதிலும் அவருக்கு ஒரு கண் உண்டு. இரண்டு சக்கர ட்ராலியில் கொஞ்சம் முன்பாரமாக அடுக்கச் சொல்வார். எல்லாம் பின்னால் போய்விட்டால் ட்ராலியின் மூக்கு எழும்பி, டிராக்டரின் பின்பக்கத்தைத் தூக்கும். பிரேக் இருக்கிற சக்கரமே அதுதான், அது தரையை விட்டால் மிதித்து என்ன பிரயோஜனம்? அளவுக்கு மீறி முன்பாரம் வைத்தாலும் வம்பு. முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. மேட்டில் கரும்பு டிராக்டரின் முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கும் வீடியோக்களை நீங்கள் வாட்ஸப்பில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள், அது இதுதான். கொக்கி உயரத்தை இஷ்டத்துக்கு ஏற்றி மாட்டினாலும் அதே கதி. கொக்கியில் மாட்டும் ஆணிக்குக் கீழே பூட்டுக் கம்பி இருக்க வேண்டும், அதோடு தனியாக ஒரு சங்கிலியும் போட வேண்டும். ஆணி நழுவினாலும் ட்ராலி தனியே ஓடாது.

ரிவர்ஸ் பற்றிக் கேட்டேன். ஒரு ட்ராலி என்றால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, ட்ராலியைத் திருப்பி, அதன் பின்னாலேயே போக வேண்டுமாம். இரண்டு ட்ராலி என்றால்? "தேவர் வந்தாலும் முடியாது, கழற்றிவிட்டுத்தான்" என்றார்.

இதையெல்லாம் அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. இங்கேதான் சட்டத்தின் வேடிக்கை வருகிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இலகு ரக வாகனம் என்பதற்குள்ளேயே 7,500 கிலோவுக்கு மிகாத டிராக்டரும் வருகிறது. உங்கள் பர்ஸில் இருக்கிற கார் லைசென்ஸும் அந்த வகைதான். பின்னால் ட்ராலியை மாட்டினால்? 2001-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி வந்தது. டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் இருப்பவர் டிரெய்லரை மாட்டி ஓட்டினால் அந்த லைசென்ஸ் செல்லாமல் போய்விடாது என்று தீர்ப்பானது. நஷ்ட ஈடு கேட்டு வந்த குடும்பத்துக்கு அது நியாயமான தீர்ப்பு, நான் அதில் குறை காணவில்லை. ஆனால் 2 டன்னை ஓட்டுவதும் 18 டன்னை இழுப்பதும் ஒரே லைசென்ஸில் அடங்கிவிட்டன.

2005-ல் இன்னொரு வழக்கு. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் அது சரக்கு வாகனம் என்றது நீதிமன்றம். 2007-ல் செங்கல் சூளை வேலைக்குப் போன ஒரு தொழிலாளி ட்ராலியிலிருந்து விழுந்து அடிபட்ட வழக்கு. விவசாயத்துக்கென்று இன்சூர் செய்த டிராக்டர், ஆகவே கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அந்த ஏழையின் நிலையைப் பார்த்து, தன் சிறப்பு அதிகாரத்தில், முதலில் கம்பெனி பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்றது. இதைத்தான் நான் கடன்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். செங்கல் ஏற்றிய நாளில் உங்கள் பாலிசி உங்களைக் காப்பாற்றாமல் போகலாம், வசூல் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும் என்று. தலையாட்டிவிட்டுப் போவார்கள். பதிவு எண் கதையும் இப்படித்தான். டிரெய்லருக்கும் பதிவு வேண்டும், அதை இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும் என்று அதே சட்டத்தின் 61-வது பிரிவு சொல்கிறது. கரும்புச் சாலையில் நின்று எண்ணிப் பாருங்கள், எத்தனை ட்ராலியில் எண் தெரிகிறது என்று.

சட்டத்தில் டிராக்டருக்குச் சொல்லியிருக்கும் விளக்கமே, தன்மேல் பாரம் சுமக்காத வண்டி என்பதுதான். ட்ராலி சரக்குக்கு. இரண்டிலும் மனிதர்களுக்கு இடமில்லை. ஆனால் வடக்கே கிராமத்தில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போக நாற்பது பேருக்கு வேறு வண்டி எங்கே இருக்கிறது? 2022 அக்டோபர் 1-ம் தேதி, உன்னாவ் கோயிலுக்குப் போய் மொட்டை அடித்துத் திரும்பிய கூட்டம், கான்பூர் மாவட்டம் கட்டம்பூர் பக்கம் ட்ராலியோடு குளத்தில் கவிழ்ந்தது. 25-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஆட்களை ஏற்றாதீர்கள் என்று மாநில முதல்வர் வேண்டுகோள் விட்டார். 2024 பிப்ரவரி 24-ம் தேதி, மாசிப் பௌர்ணமிக்கு கங்கையில் குளிக்கப் போன ட்ராலி, அதே மாநிலத்தில் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் மறுபடி ஒரு குளத்தில் கவிழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள். குளத்தில் கவிழ்ந்தால் ட்ராலி தலைகீழாக மூடிக்கொள்கிறது, ஒரு இரும்புக் கூடை மாதிரி. வெளியே வர வழியில்லை.

காரில் போகிற நம்மவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அரவைப் பருவம் அக்டோபர் கடைசி, நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை போகும். தீபாவளிக்கு நீங்கள் ஊருக்குப் போகும்போது தொடங்கினால், பொங்கலுக்குப் போகும்போது உச்சம். இருட்டுக்கு முன் கோலாப்பூரைத் தாண்டிவிடுகிற மாதிரி புனேயில் விடியற்காலையில் கிளம்புங்கள். ட்ராலியைத் தாண்டும்போது ஒன்று அல்ல, இரண்டு என்று நினைத்துக்கொண்டு தாண்டுங்கள். தாண்டியதும் அதன் முன்னால் நுழைந்து பிரேக் போடாதீர்கள், மேலே சொன்ன அறுபது மீட்டர் ஞாபகம் இருக்கட்டும். கம்பாட்கி கணவாய் இறக்கத்தில் பக்கத்திலோ, நேர் முன்னாலோ ஓட்டவே வேண்டாம். ஊருக்குள் இடது பக்கம் திரும்பும் ட்ராலிக்கும் ஓரத்துக்கும் நடுவில் இடம் இருப்பது மாதிரி தெரியும். இரண்டாவது ட்ராலி முதலாவது போன வழியில் போகாது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். பைக்கில் போகும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

ஒவ்வொரு வருடமும் பருவத் தொடக்கத்தில் ஆலை வாசலில் ஆர்.டி.ஓ. ஆட்கள் வந்து சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். நல்ல காரியம். இரண்டு வாரத்தில் சேறும் கரும்புச் சாறும் அதை மூடிவிடும். துடைக்க ஒரு ஈரத் துணி போதும். காகா தன் ட்ராலியின் பின்னால் சிவப்புத் துணி கட்டி, பேட்டரியில் ஒரு விளக்கும் போட்டிருக்கிறார். வயர் கொக்கிப் பக்கம் அடிக்கடி அறுந்துவிடும், அறுந்தால் அன்றைக்கே முடிந்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

ட்ராலிக்கு பிரேக் போட முடியாதா என்று பட்டறையில் கேட்டுப் பார்த்தேன். தாராளமாக முடியும் என்றார்கள். ட்ராலி தானே முன்னால் தள்ளும்போது அந்தத் தள்ளலிலேயே பிடிக்கிற வகை இருக்கிறது, டிராக்டரிலிருந்து ஹைட்ராலிக் குழாய் இழுக்கும் வகையும் இருக்கிறது. ஐரோப்பாவில் ஓடும் பெரிய டிரெய்லர்களில் பிரேக் இல்லாமல் கதையே கிடையாது. அப்புறம் ஏன் செய்வதில்லை என்றேன். பட்டறைக்காரர் என் பையில் இருந்த விலைப்பட்டியலைக் காட்டினார். அவர் கொடுத்து, கடன்காரர் கையெழுத்திட்டு, நான் வாங்கி வைத்திருந்தது. சேஸிஸ், அச்சு, டயர் நாலு, பலகை, பெயின்ட், கூலி. "இதுல பிரேக்னு ஒரு வரி எழுதி, அதுக்கும் சேர்த்துக் கடன் கொடுங்க சாஹேப், நாளைக்கே போட்டுத் தர்றேன்" என்றார்.

அந்த வரியைச் சேர்க்க எங்கள் பக்கம் தடை எதுவும் இல்லை. கடன் தொகையில் அது பெரிய கூடுதலும் இல்லை. காகாவிடம் சொன்னேன். அடுத்த ட்ராலிக்கு விலைப்பட்டியல் வாங்கும்போது பிரேக்கும் சேர்த்து எழுதி வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். பருவம் முடியட்டும் என்கிறார்.